லினக்ஸ் கடைசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்ததை ஒட்டி, பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். யோசனை சரியானது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, சிபியு பட்டியலில் இல்லை என்று விண்டோஸ் 11 ஒதுக்கிவிடும் கணினிகளில் பல இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. ஆனால் லினக்ஸ் போட்ட அன்றே அந்தரங்கம் பத்திரமாகிவிடும் என்ற தொனியில் குறிப்பை முடித்திருந்தீர்கள். அதை ஏற்க முடியவில்லை. லினக்ஸில் குரோமை நிறுவி, பழைய கணக்கிலேயே உள்நுழைந்து, ஒரே கடவுச்சொல்லைப் பத்து தளங்களில் வைத்திருப்பவரைப் பற்றி விளம்பர நிறுவனங்கள் அறிவது முன்பு அறிந்ததைவிடப் பெரிதாகக் குறையாது. இயங்குதளம் தானாக அனுப்பிக்கொண்டிருந்த தகவல் நிற்கும், அவ்வளவுதான்.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் வாதம். முதலில் அன்றாடம் புழங்கும் மென்பொருள்களை மாற்றுங்கள், அடுத்து காப்பு நகல், கடைசியில் இயங்குதளம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, ஆவணங்களுக்கு லிப்ரே ஆபீஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட், கடவுச்சொற்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி, வீடியோவுக்கு விஎல்சி, படங்களுக்கு ஜிம்ப் எல்லாமே விண்டோஸிலும் ஓடுபவை. அங்கேயே அவற்றோடு பழகிவிட்டால், லினக்ஸுக்குப் போகும்போது மாறுவது டாஸ்க்பாரும் செட்டிங்ஸும் மட்டுமே. இயங்குதளம், உலாவி, ஆபீஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுபவர்தான் எது எதனால் கெட்டது என்று தெரியாமல் வெறுத்துப்போய்த் திரும்பிவிடுகிறார். இதில் இன்னொரு லாபமும் உண்டு. எந்த மென்பொருளை விட முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் டெஸ்க்டாப் பதிப்பு, அடோபியின் பட வேலை மென்பொருள்கள், ஏமாற்றுத் தடுப்பு நிரலோடு வரும் பல இணைய விளையாட்டுகள், விண்டோஸ் டிரைவர் மட்டுமே உள்ள சில டிஜிட்டல் கையொப்பக் கருவிகள் ஆகியவை லினக்ஸில் ஒழுங்காக நடக்காது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட முயலும் வைன் கைகொடுக்கும் என்பார்கள். சில நேரம் கொடுக்கும், ஆனால் பிழைப்பை அதை நம்பி வைக்கக் கூடாது. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் விண்டோஸை ஒரு மூலையில் வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

உலாவியில் தொடங்குவோம், ஏனெனில் கசிவின் பெரும்பகுதி அங்கேதான். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிராக்கிங் புரொடெக்‌ஷனை ஸ்டாண்டர்டிலிருந்து ஸ்ட்ரிக்டுக்கு மாற்றுங்கள். அதே பக்கத்தில் சற்றுக் கீழே, மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்த இணைப்பையே கேட்கும் எச்டிடிபிஎஸ் ஒன்லி மோடை எல்லா ஜன்னல்களுக்கும் இயக்குங்கள். ஃபயர்ஃபாக்ஸும் தன் பங்குக்குப் பயன்பாட்டுத் தகவல் சேகரிக்கிறது. டேட்டா கலெக்‌ஷன் என்ற தலைப்பின் கீழ் உள்ள குறிகளை எடுத்துவிட்டால் நின்றுவிடும். பிறகு விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற ஒரே நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) நிறுவுங்கள். அதன் இயல்பான தடுப்புப் பட்டியல்களே போதும். கிடைக்கிற பட்டியலையெல்லாம் டிக் செய்தால் பாதுகாப்பு கூடுவதைவிடத் தளங்கள் உடைவதுதான் அதிகம். குரோமில் முழுமையான யூபிளாக் ஆரிஜின் 2025-ல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. நீட்சிகளுக்கான விதிகளை கூகுள் மாற்றியதே காரணம். அங்கே இப்போது கிடைப்பது திறன் குறைந்த லைட் பதிப்பு.

ஸ்ட்ரிக்டில் வைத்தால் எப்போதாவது ஒரு தளத்தில் உள்நுழைவுப் பொத்தானோ கட்டணப் பக்கமோ வேலை செய்யாது. உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள கேடயச் சின்னத்தை அழுத்தி அந்த ஒரு தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்தினால் போதும். அப்படியும் சரியாகாவிட்டால் யூபிளாக்கின் பெரிய பொத்தானை அந்தத் தளத்துக்கு அணையுங்கள். வேறு நீட்சிகளைச் சேர்க்கும் ஆசையை அடக்குவது நல்லது. பெரும்பாலான நீட்சிகள் கேட்பது எல்லாத் தளங்களிலும் உள்ள எல்லாத் தரவையும் படிக்கும் உரிமை. நல்லவர் எழுதிய நீட்சி நாளை வேறொருவருக்கு விற்கப்படலாம், அடுத்த அப்டேட்டில் அது உளவாளியாகிவிடும். இதோடு, பிரைவேட் விண்டோ பற்றிய மயக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அது உங்கள் கணினியில் வரலாறு தங்காமல் பார்த்துக்கொள்கிறது. இணைய இணைப்பு தருபவருக்கும் நீங்கள் உள்நுழைந்த தளத்துக்கும் எல்லாம் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

கடவுச்சொல்லுக்கு கீபாஸ்எக்ஸ்சி. எல்லாக் கடவுச்சொற்களும் மறையாக்கம் செய்யப்பட்ட ஒரே கோப்பில் இருக்கும், கோப்பு உங்கள் கையில் இருக்கும், சர்வர் என்று எதுவும் இல்லை. பல கருவிகளில் தானாக ஒத்திசைய வேண்டும் என்பவருக்கு பிட்வார்டன் சௌகரியம். அதுவும் நிரலை யாரும் பார்க்கக் கூடிய திறமூலம்தான், ஆனால் மறையாக்கப்பட்ட பிரதி அவர்களுடைய சர்வரில் இருக்கும். முதன்மைக் கடவுச்சொல்லைப் பகடை உருட்டித் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். ஆறு சொற்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 77 பிட் வலிமை. பகடை இல்லையென்றால் கீபாஸ்எக்ஸ்சியே சொற்களைப் பொறுக்கித் தரும். பிடித்த பாட்டு வரியையோ பழமொழியையோ ஆங்கில எழுத்தில் தட்டி வைப்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். கடவுச்சொல் உடைப்பவர்களும் அந்த வரிகளைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். இந்தக் கடவுச்சொல் மறந்தால் மீட்க யாராலும் முடியாது, அதனால் காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரமான இடத்தில் வையுங்கள். காகிதத்தை இணையம் வழியாகத் திருட முடியாது.

உலாவியில் சேமித்த பழைய கடவுச்சொற்களை சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுத்து கீபாஸ்எக்ஸ்சிக்குள் இறக்கலாம். அந்த சிஎஸ்வியில் எல்லாம் பச்சையாகத் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேகச் சேமிப்போடு ஒத்திசையும் கோப்புறையில் அதை வைக்காதீர்கள். இறக்கியதும் குப்பைத் தொட்டியில் இருந்தும் நீக்குங்கள், உலாவியில் உள்ளவற்றையும் அழியுங்கள். கைபேசிக்கு அதே கோப்பைக் கொண்டுபோக, கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்திங் நல்ல வழி, ஆண்ட்ராய்டில் கோப்பைத் திறக்க கீபாஸ்டிஎக்ஸ். சிங்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது, அதிலிருந்து கிளைத்த பதிப்பு எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மாற்றம் செய்தால் பெயரில் கான்ஃப்ளிக்ட் என்று ஒட்டிய இரண்டாவது கோப்பு முளைக்கும். பதறி ஒன்றை அழித்துவிடாமல், கீபாஸ்எக்ஸ்சியின் டேட்டாபேஸ் மெனுவில் உள்ள மெர்ஜ் மூலம் இரண்டையும் இணைத்துவிட்டுப் பிறகு அழியுங்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு தளங்கள் கேட்கும் இரண்டாம் நிலைக் குறியீடுகளுக்கு ஏஜிஸ் என்ற ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது, அதன் காப்புப் பிரதியைக் கடவுச்சொல்லோடு வெளியே எடுத்து வைக்க முடியும். கைபேசி தொலைந்த அன்று மின்னஞ்சலுக்குள்ளேயே போக முடியாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் தளங்கள் கொடுத்த மீட்புக் குறியீடுகளைக் குறித்து வைக்காதவர்கள்.

ஆவணங்கள் பக்கம் வருவோம். லிப்ரே ஆபீஸில் வேர்டு கோப்பைத் திறந்ததும் பக்கங்கள் நகர்ந்து, அட்டவணை உடைந்து கிடந்தால் பழி பெரும்பாலும் எழுத்துருவின் மேல்தான். கலிப்ரி இல்லாத கணினியில் வேறு அகலமுள்ள எழுத்துரு அதன் இடத்தில் வந்து உட்காருகிறது. கலிப்ரியின் அதே அகலத்தில் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்கு கலாடியா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் லிபரேஷன் வரிசை என்று இலவச எழுத்துருக்கள் உண்டு. அவற்றை நிறுவினாலே பெரும்பாலான கோப்புகள் நேராகிவிடும். எக்செல் மேக்ரோக்கள் மட்டும் பாதிதான் நடக்கும். திருத்த வேண்டாத கோப்பை எவருக்கும் பிடிஎஃப் ஆக அனுப்புவது நலம்.

அந்தரங்கம் பேசும் யாரும் கவனிக்காத ஓர் ஓட்டை இங்கே இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாய்க் குப்பை தெரியும். உடனே ஏதாவது ஒரு இணையதளத்தில் முழுக் கடிதத்தையும் ஒட்டி மாற்றிக்கொள்கிறோம். பிடிஎஃப் இணைக்க, சுருக்க, பக்கம் பிரிக்க என்றாலும் இதே கதைதான். வங்கிக் கணக்கு விவரமும் மருத்துவ அறிக்கையும் முகம் தெரியாத சர்வருக்குப் போகின்றன. பக்கங்களை இணைக்கவும் பிரிக்கவும் வரிசை மாற்றவும் பிடிஎஃப் அரேஞ்சர் உங்கள் கணினிக்குள்ளேயே போதும். பழைய கடிதத்தைப் படிக்க மட்டும்தான் வேண்டுமென்றால் அதன் எழுத்துருக் கோப்பை நிறுவினால் போதும், மாற்றவே தேவையில்லை. பிடிஎஃப்பில் பெயரையோ எண்ணையோ மறைக்கக் கறுப்புப் பெட்டி வரைவது மறைப்பே ஆகாது, அடியில் இருக்கும் எழுத்தை நகலெடுத்து ஒட்டிப் படித்துவிடலாம். லிப்ரே ஆபீஸின் டூல்ஸ் மெனுவில் ரிடாக்ட் என்ற வசதி இருக்கிறது. அது பக்கத்தையே படமாக்கிவிடுவதால் அடியில் எதுவும் மிஞ்சாது. புகைப்படங்களில் ஒளிந்திருக்கும் எடுத்த இடம், நேரம், கேமரா விவரங்களை லினக்ஸில் மெட்டாடேட்டா கிளீனர் நீக்கித் தரும்.

காப்பு நகல் பற்றிச் சுருக்கமாக. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதி இன்றும் செல்லும். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு ஏறாது, எக்ஸ்எஃப்ஏடி-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிங்திங் காப்பு நகல் ஆகாது. ஓர் இடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழிந்துவிடும். டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்கு வெளியே இருப்பவற்றையும் நினைத்துப் பாருங்கள்: தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் கோப்புறை, உலாவி புக்மார்க்குகள், நீங்கள் சேர்த்த எழுத்துருக்கள், கீபாஸ் கோப்பு. எடுத்த நகலில் இருந்து இரண்டு மூன்று கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பார்க்காதவரை அதை நகல் என்று நம்ப வேண்டாம்.

இனி லினக்ஸ். அதன் பல பதிப்புகளில் புதியவருக்கு லினக்ஸ் மின்ட் என்பேன். மின்டின் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தபட்சம் 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் என்று அவர்கள் சொன்னாலும், அவர்களே பரிந்துரைப்பது 4 ஜிபியும் 100 ஜிபியும். 4 ஜிபி உள்ளவர் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுக்கலாம், 8 இருந்தால் சின்னமன் பதிப்பை. எந்த லினக்ஸும் உலாவியின் பசியைக் குறைக்காது, ஐம்பது தாவல் திறந்தால் எங்கும் திணறும். சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவது எந்த இயங்குதள மாற்றத்தையும்விடக் கணினியை வேகப்படுத்தும். 32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸில், 2025 ஆகஸ்டில் வந்த 13-ம் பதிப்பில் 32 பிட்டுக்கான நிறுவியே கிடையாது. டெபியன் 12-ஐ நீள ஆதரவுக் காலம் முடியும் 2028 ஜூன் வரை ஓட்டலாம்.

லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வத் தளத்தில் இருந்துதான் இறக்க வேண்டும், அதுவும் போதாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் சொந்தத் தளத்துக்குள்ளேயே ஊடுருவி, பதிவிறக்க இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால் கோப்பின் விரல்ரேகை போன்ற ஷா256 எண்ணைச் சரிபார்க்க வேண்டும். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கி, சிஆர்சி ஷா மெனுவில் ஷா-256-ஐ அழுத்தினால் 64 எழுத்து நீள எண் வரும். தளத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தளத்தையே கைப்பற்றியவர் அந்த எண்ணையும் மாற்றிவிட முடியும் என்பதால், வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் ஜிபிஜி கையொப்பத்தையும் பார்ப்பது இன்னும் உறுதி. பாதி இறங்கிய கோப்பும் இந்தச் சோதனையிலேயே பிடிபட்டுவிடும், நிறுவும்போது நடுவில் நிற்கும் தொல்லை மிச்சம்.

8 ஜிபி பென் டிரைவ் போதும். ஐஎஸ்ஓவை அதில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து எழாது, ரூஃபஸ் அல்லது எட்சர் கொண்டு எழுத வேண்டும். எட்சர் எழுதி முடித்ததும் இந்த வட்டை ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். கணினியை இயக்கியதும் எஃப்12, எஃப்9, எஸ்கேப், எஃப்8 இவற்றில் ஒன்று பூட் மெனுவைத் திறக்கும், தயாரிப்பாளரைப் பொறுத்தது. நிறுவாமலே ஓடும் அந்த நேரலைத் திரையில் வைஃபை, ஒலி, மைக், கேமரா, டச்பேடு எல்லாவற்றையும் சோதியுங்கள். மூடியை மூடித் திறந்து கணினி உறக்கத்தில் இருந்து சரியாக எழுகிறதா என்றும் பாருங்கள். பலர் விட்டுவிடும் சோதனை அது, பின்னால் அதிகம் எரிச்சல் தருவதும் அதுவே. வேகத்தை மட்டும் அங்கே எடைபோடாதீர்கள், பென் டிரைவில் எல்லாமே மெதுவாகத்தான் ஓடும். என்விடியா அட்டை உள்ள கணினியில் திரை கறுத்து நின்றால் துவக்க மெனுவில் கம்பாடிபிலிட்டி மோடைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவும் பொத்தானை அழுத்தும் முன் விண்டோஸ் பக்கத்தில் மூன்று வேலை பாக்கி இருக்கிறது. முதலாவது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் வட்டு மறையாக்கம். உங்களைக் கேட்காமலே அது வட்டைப் பூட்டியிருக்கக் கூடும், குறிப்பாக விண்டோஸ் 11-ல். கணினியின் துவக்க நிரலான பயாஸின் அமைப்பையோ, கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் எழவிடும் செக்யூர் பூட்டையோ தொட்டால் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண் கேட்டு நிற்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இதை அணைக்காவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸில் இருந்து விண்டோஸ் உள்ள வட்டுப் பகுதியில் எழுத முடியாது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் அந்தக் குறியை எடுத்துவிடலாம். மூன்றாவது, நிறுவியில் வட்டே தென்படாத சிக்கல். பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற வட்டுக் கட்டுப்பாட்டு முறை இயங்கிக்கொண்டிருப்பது காரணம். நேரடியாக ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் லினக்ஸ் வட்டைக் கண்டுகொள்ளும், விண்டோஸ் நீலத் திரையில் விழும். அதனால் முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டைக் குறியிட்டு மறுதுவக்கம் செய்யுங்கள், அப்போதே பயாஸில் மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை எழுந்து புதிய டிரைவரை ஏற்றுக்கொண்டதும் குறியை எடுத்துவிடலாம்.

வட்டு மறையாக்கத்தை நிறுவும்போதே முடிவு செய்ய வேண்டும். பிறகு சேர்ப்பதென்றால் கிட்டத்தட்ட மறுபடி நிறுவுவதுதான். மடிக்கணினி திருடு போனால் லினக்ஸின் உள்நுழைவுக் கடவுச்சொல் எதையும் காப்பாற்றாது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்புகள் அப்படியே திறக்கும். மின்டில் எரேஸ் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுத்து, அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸில் எல்விஎம் தேர்வோடு என்க்ரிப்ஷனைக் குறியிட வேண்டும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் வழியில் முழு வட்டு மறையாக்கம் அங்கே கிடைக்காது. இரண்டு இயங்குதளமும் வேண்டும், மறையாக்கமும் வேண்டும் என்பவருக்கு லினக்ஸுக்கென்று தனி எஸ்எஸ்டி வாங்குவதே தலைவலி இல்லாத வழி, நிறுவும்போது விண்டோஸ் வட்டைக் கழற்றி வைத்துவிட்டால் தவறி அழியும் பயமும் இல்லை. துவக்கத்தில் வட்டுக் கடவுச்சொல் கேட்கும் திரையில் தமிழ் உள்ளீடு வேலை செய்யாது, ஆங்கில எழுத்துகளிலேயே வையுங்கள். இந்தப் பூட்டு காப்பது அணைத்த கணினியை மட்டுமே. மூடியை மட்டும் மூடி உறக்கத்தில் வைத்தால் சாவி நினைவகத்திலேயே இருக்கும்.

இரட்டைத் துவக்கம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறைகள் எப்போதாவது வரும். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மாறும்போது கடிகாரம் சில மணி நேரம் முன்பின்னாகும். வன்பொருள் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் படிப்பதால் இது நேர்கிறது. ஏதாவது ஒன்றை மற்றதன் வழிக்கு மாற்றினால் சரியாகும். இன்னொன்று கொஞ்சம் பெரியது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய லினக்ஸ் துவக்க நிரல்களைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட, பலருடைய கணினியில் எஸ்பிஏடி சரிபார்ப்புத் தோல்வி என்ற செய்தியோடு லினக்ஸ் எழ மறுத்தது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் போட்டுவிட்டு மறுபடி இயக்குவதே வழி. லினக்ஸ் அழிந்துவிட்டதென்று நினைத்து மறுபடி நிறுவத் தேவையில்லை.

நிறுவிய பின் முதல் வேலை டிரைவர் மேனேஜர். வைஃபைக்கே டிரைவர் வேண்டியிருந்தால், குறிப்பாக பிராட்காம் சில்லுகளில், கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் கிடைத்துவிடும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா போன்ற டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதுவக்கத்தில் நீலத் திரை வந்ததும் என்ரோல் எம்ஓகே-வைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் கன்டினியூ பூட்டை அழுத்திவிடுபவர்கள்தான் டிரைவர் போட்டும் வேலை செய்யவில்லை என்கிறார்கள். அடுத்து ஃபயர்வால், மின்டில் அது இயல்பாக அணைந்தே இருக்கும், இயக்கிவிடுங்கள். கைபேசியைக் கணினியோடு இணைக்கும் கேடிஇ கனெக்ட் பயன்படுத்துபவர்கள் 1714 முதல் 1764 வரையான போர்ட்டுகளைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் கைபேசியும் கணினியும் ஒன்றையொன்று பார்க்காது.

இயங்குதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்டை இயக்குங்கள், ஆனால் அதை என்னவென்று புரிந்துகொண்டு இயக்குங்கள். அது இயங்குதளக் கோப்புகளைத்தான் படம் பிடிக்கிறது, உங்கள் ஹோம் கோப்புறையை இயல்பாக ஒதுக்கிவிடும். கெட்டுப்போன அப்டேட்டில் இருந்து திரும்ப அது போதும், திருமணப் புகைப்படங்களை அது காக்காது. அதற்கு மின்டின் பேக்கப் டூல் அல்லது பிக்கா பேக்கப். டைம்ஷிஃப்ட் நகல்களை என்டிஎஃப்எஸ், எக்ஸ்எஃப்ஏடி வட்டில் வைக்க முடியாது, எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் வடிவம் வேண்டும். எண்ணிக்கையை இரண்டு மூன்றுக்கு மேல் விட்டால் சிறிய வட்டு நிரம்பிவிடும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பத் திரும்ப வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நிரம்பிய வட்டைத்தான்.

மென்பொருளை மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் இருந்தே எடுங்கள். வெளியிட்டவர் யாரென்று சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக் என்ற மென்பொருள் பொதிகளை மின்ட் 22 இயல்பாகவே மறைத்து வைக்கிறது, அந்த வேலியைத் தாண்ட வேண்டாம். 2025 ஜூலையில் ஆர்ச் என்ற லினக்ஸ் பதிப்பின் பயனர்கள் தாமே ஏற்றும் தொகுப்பில், ஃபயர்ஃபாக்ஸுக்கும் லிப்ரேவுல்ஃப் உலாவிக்கும் திருத்தம் என்ற பெயரில் தீநிரல் பொதிகள் வந்து, கண்டுபிடித்து நீக்கப்பட்டன. திறமூலம் என்றால் எல்லோரும் பார்க்கிறார்கள், அதனால் பயமில்லை என்ற வாதமும் பாதிதான் உண்மை. எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வைக்கப்பட்ட பின்கதவு 2024 மார்ச்சில் வெளிப்பட்டது, தொலை உள்நுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான். மூலம் திறந்திருந்ததால் அவரால் துருவ முடிந்தது, அது வரைக்கும் சரி.

செய்திச் செயலிகளில் சிக்னல் போதும். 2024 முதல் பயனர் பெயர் வைத்துக்கொள்ளலாம், எண்ணைப் பிறருக்குக் காட்டத் தேவையில்லை, பதிவு செய்ய மட்டும் எண் வேண்டும். அதன் டெஸ்க்டாப் பதிப்பை அவர்கள் தளம் சொல்லும் டெபியன் வழியில் நிறுவுங்கள், ஃபிளாட்பேக் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பில் இருப்பது அவர்கள் வெளியிட்டது அல்ல. வாட்ஸ்அப்பை விட முடியாதவர்கள் மேகத்துக்குப் போகும் காப்பு நகலுக்கும் முழு மறையாக்கத்தைச் செட்டிங்ஸில் இயக்கிவிடுங்கள், அது தானாக இயங்காது. இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனம் வழியாக அனுப்பும் விபிஎன் பற்றிய விளம்பரங்களுக்கு மயங்க வேண்டாம். இணைய இணைப்பு தருபவர் பார்த்துக்கொண்டிருந்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும், பெரும்பாலும் அவ்வளவே மாறும்.

தமிழ்த் தட்டச்சு பற்றிய கவலை பலருக்கு. மின்டின் இன்புட் மெத்தட் கருவியில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கட்டமைப்பை நிறுவி, அதில் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு வழியாகத் தமிழ்99, ஒலிப்பெயர்ப்பு, தட்டச்சுப்பொறி, இன்ஸ்கிரிப்ட் என விரும்பியதைச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும், அதைச் செய்யாமல்தான் வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் பரிந்துரைக்கும்போது அதன் ஆதரவு எந்த ஆண்டு முடிகிறது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். அந்தக் குறிப்பில் இருந்ததுபோல டெர்மினல் கட்டளைகளை அச்சில் தருவதை நிறுத்திவிடுங்கள். பக்கம் வடிவமைக்கும்போது அடுத்தடுத்த இரண்டு சிறு கோடுகள் ஒரே நீளக் கோடாகின்றன, நேர் மேற்கோள்குறி வளைந்துவிடுகிறது, பத்தியின் அகலத்துக்காக ஒரு வரி இரண்டாக உடைகிறது. நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் கட்டளையில் தவறான இடத்தில் விழும் ஒரே ஓர் இடைவெளி போதும், வேறு கோப்புறை அழிந்துவிடும். திரையில் எந்த மெனுவைத் திறக்க வேண்டும் என்று எழுதுங்கள், வாசகர் அதைப் பார்த்துச் செய்துகொள்வார்.

இப்படிக்கு,
லினக்ஸ் பயன்படுத்தும் வாசகர் ஒருவர்